இரண்டாம் பாகத்துல ஹீரோவையே மாத்திட்டா எப்படிங்க மன்னிக்கிறது?

ஓரக்குறிப்பு எழுதியது:

முதல்லயே சொல்லிடறேன். சாரா ஜே. மாஸோட ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ முதல் ரெண்டு பாகத்தோட கதையும் இதுல முழுசா வருது. படிக்கப்போறவங்க இப்படியே திரும்பிடுங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க.

எனக்குப் பென்சில் இல்லாம புத்தகம் படிக்க வராது. பிடிச்ச வரிக்குக் கோடு, பிடிக்காத வரிக்கு ஓரத்துல திட்டு. இந்தக் காரணத்துக்காகவே என் தங்கச்சி எனக்குப் புத்தகம் இரவல் தர்றதை நிறுத்திட்டா. அதனால இந்தத் தொடரை நானே வாங்கினேன். முதல் பாகம் 2015ல வந்தது. ஊரே படிச்சு ஓய்ஞ்சப்புறம்தான் நான் கையில எடுத்தேன்.

அதுல ஹீரோ டாம்லின். முகமூடி முகத்தோட ஒட்டிக்கிட்டவன், மிருகமா உரு மாறுறவன். அழகியும் மிருகமும் கதையைத்தான் வேற சட்டை போட்டுக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு சீக்கிரமே தெரிஞ்சுடும். எனக்கும் பெரிய எதிர்பார்ப்பு ஒண்ணும் இல்லை. ஆனா ஒரு இடத்துல கவுந்துட்டேன்.

கதாநாயகி ஃபேய்ரா மனுஷப் பொண்ணு, மந்திரவாசிகள் உலகத்துல டாம்லின் வீட்டுல இருக்கா. அவளுக்குச் சரியா எழுதப் படிக்க வராது. வீட்டுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பணும்னு தவிக்கிறா. நூலகத்துல திருட்டுத்தனமா உட்கார்ந்து, புரியாத வார்த்தையை எல்லாம் ஒரு தாள்ல எழுதி வைக்கிறா. டாம்லின் உதவட்டுமான்னு கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிறான், ஏன்னா அவளுக்கு அது மானப் பிரச்சினை. அப்புறம் அந்தத் தாள் அவன் கையில சிக்குது. பாடம் நடத்துவான், இல்லேன்னா பரிதாபப்படுவான்னு நான் நினைச்சேன். அவன் அதே வார்த்தைகளை வச்சுக் கொஞ்சம் அசிங்கமான கிண்டல் பாட்டுகளா எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறான்! அவளுக்குச் சிரிப்பு தாங்கலை. வெட்கப்பட்டுக்கிட்டிருந்த விஷயம் விளையாட்டா ஆயிடுது.

அந்தப் பக்கத்து ஓரத்துல நான் எழுதினது: “இவன்தான்.” கீழே ரெண்டு கோடு வேற.

அதுக்கப்புறம் அவனைப் பிடிச்சு வச்சிருக்கிற வில்லிகிட்ட இருந்து மீட்க அவ மலைக்கு அடியில போறா. மூணு சோதனை, ஒரு விடுகதை. விடுகதைக்கு விடை ‘காதல்’னு எனக்குக் கேட்ட உடனே தெரிஞ்சுடுச்சு, அவளுக்கு உயிர் போற நேரத்துலதான் தெரியுது. அதைக்கூட நான் மன்னிச்சேன். அழுதுகிட்டே மூடி வச்சேன்.

2016ல வந்த ரெண்டாம் பாகத்தைத் திறந்தா, டாம்லின் வேற ஆளா நிக்கிறான். ராத்திரியில அவ எழுந்து வாந்தி எடுக்கிறா, இவன் தூங்கற மாதிரி படுத்திருக்கான். வெளியே வரேன்னா வேண்டாங்கிறான். பயிற்சி வேணும்னா வேண்டாங்கிறான். கடைசியில வீட்டைச் சுத்தி மந்திரத்தால அடைச்சு அவளை உள்ளே பூட்டிட்டே போயிடறான். முதல் பாகத்துல பயமுறுத்திக்கிட்டு திரிஞ்ச ரீஸாண்ட் இருக்கானே, (நான் ரொம்ப நாள் ‘ரைஸாண்ட்’னே படிச்சேன், அது வேற வெட்கக்கேடு) அவன் வந்து எழுதப் படிக்கக் கத்துக் கொடுக்கிறான். தன்னைத்தானே புகழ்ந்து வாக்கியம் எழுதி அவளைப் பார்த்து எழுதச் சொல்றான். நான் புத்தகத்தைக் கட்டில்ல விட்டெறிஞ்சேன். அந்த வேலை டாம்லினோட வேலை! அந்தத் தாளும் பாட்டும் அவனோடது. அதை அப்படியே பிடுங்கி இவன் கையில கொடுத்த மாதிரி இருந்தது.

இதுல கொடுமை என்னன்னா, 600 பக்கத்துக்கு மேல இருக்கிற அந்தப் புத்தகத்துல பாதி தாண்டினதும் நானும் ரீஸாண்ட் பக்கம் சாஞ்சுட்டேன். அவங்க ரெண்டு பேருக்கும் நடக்கிற ஊடல் எனக்குப் பிடிச்சுத் தொலைச்சது. டாம்லின் பேர் வந்தாலே எரிச்சல். மூடி வச்சப்புறம்தான் கோபம் வந்தது, இந்தத் தடவை என் மேலேயே. இதே ரீஸாண்ட்தான் முதல் பாகத்துல சிறையில கிடந்தவளோட உடைஞ்ச கையைத் திருகி, மாசத்துக்கு ஒரு வாரம் என்கூட இருக்கணும்னு பேரம் பேசினவன். தினமும் ஒரு மதுவைக் குடிக்க வச்சு நினைவில்லாம ஆட வச்சவன். அதெல்லாம் அவளைக் காப்பாத்தத்தான்னு ரெண்டாம் பாகம் சொல்லுது. 54ஆம் அத்தியாயத்துல அவனே உட்கார்ந்து மொத்தக் கதையையும் தன் பக்கத்துல இருந்து சொல்றான், நானும் தலையாட்டினேன். அதுக்கும் மேல ‘மேட்’னு ஒரு விதி முடிச்சு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர்னு எழுதி வச்சிருக்காம். அப்படி எழுதி வச்சிருந்தா என் பென்சிலுக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான். ஆசிரியர் ஆரம்பத்துலயே இப்படித் திட்டம் போட்டிருந்து நான்தான் கவனிக்காம விட்டேனா, இல்லை நடுவுல மனசு மாறி பழைய ஹீரோவைக் கெட்டவனாக்கி வழி பண்ணிக்கிட்டாங்களா? உங்களுக்கு இப்படி நடந்திருக்கா? அந்த “இவன்தான்”ஐ அழிக்கலாமான்னு ரப்பரை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

பழம்புத்தகம் எழுதியது:

ரப்பரைக் கீழே வையுங்கள். இந்த வித்தை புதிதல்ல. 1813இலேயே ஜேன் ஆஸ்டன் இதை ஒரே புத்தகத்துக்குள் செய்து முடித்துவிட்டார்.

‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ முதல் பாதியில் விக்கம் எவ்வளவு இனியவன்! பின்னால் நாயகனாகப் போகும் டார்சி தனக்குச் செய்த அநியாயத்தை அவன் சொல்லச் சொல்ல நாயகி எலிசபெத்தோடு சேர்ந்து நாமும் உச்சுக் கொட்டுகிறோம். பிறகு டார்சியின் கடிதம் வருகிறது. அவள் அதை ஒருமுறை படித்துக் கோபப்படுகிறாள், நடந்துகொண்டே மறுபடி படிக்கிறாள், ஒரு கட்டத்தில் அது அவளுக்கு மனப்பாடமே ஆகிவிடும் போலாகிறது. அப்போதுதான் உறைக்கிறது: முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், பழகிய இரண்டாம் நாளே ஒருவன் தன் குடும்பக் கதையை எதற்கு அவிழ்த்துக் கொட்டினான்? நமக்கும் அந்தக் காட்சி அப்படியேதான் காட்டப்பட்டது. நாமும் கேட்கவில்லை.

நீங்கள் சொல்லும் 54ஆம் அத்தியாயம் அந்தக் கடிதத்தின் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டார்சியின் கடிதத்தை எலிசபெத் தானாகச் சோதித்துப் பார்க்கிறாள். பழைய பேச்சுகளை நினைவில் வரிசையாக எடுத்து வைத்து ஒத்துப் பார்க்கிறாள். நீங்கள் தலையாட்டியதாகச் சொல்கிறீர்கள். எனவே முதல் பாகத்தை மறுபடி எடுங்கள். சான்று அங்கே இருந்தால் அது திட்டம். இல்லையென்றால் உங்கள் கோபம் நியாயம்.

குறிப்பாக, இரண்டாவது சோதனையைப் பாருங்கள். மூன்று விசை, சுவரில் எழுதிய கேள்வி, அவளுக்குப் படிக்கத் தெரியாது, மேலே இருந்து முள் வைத்த கூரை இறங்குகிறது. தவறான விசைக்குக் கை போகும்போதெல்லாம் உள்ளங்கையில் வலிக்கிறதே, அது யார் வேலை? படிக்கத் தெரியாதவளுக்கு அன்றைக்குத் துணை நின்றது பாட்டெழுதியவன் இல்லை.

வாளும்_வரைபடமும் எழுதியது:

நான் ஃபேண்டஸி வாசிப்பது வரைபடத்துக்காக. காதல் காட்சி வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடும் ஜாதி. ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன், ஆரகார்ன், ஆர்வென் காதல் கதையைத் தூக்கிப் பின்னிணைப்பில் வைத்தார். என்னைப் போன்றவர்களுக்கு வசதி. இருந்தும் 1955இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஒரு ஆள் மாற்றம் உண்டு. எயோவின் என்ற அந்தப் பெண் ஆரகார்ன் மேல் ஆசை வைத்து, அது நடக்காது என்று தெரிந்து, சாவைத் தேடிப் போர்க்களம் போகிறாள். பிழைத்து, காயம் ஆற்றும் இல்லத்தில் கிடக்கும்போது ஃபராமிரைச் சந்திக்கிறாள். மதில் மேல் நின்று இருவரும் கிழக்கே பார்க்கிறார்கள். சில பக்கங்களில் மனம் மாறிவிடுகிறது. உங்கள் புத்தகத்துக்கு 600 பக்கம் தேவைப்பட்டதே என்று குறைப்படாதீர்கள், அவசரமாக மாற்றினாலும் ஏமாந்த மாதிரிதான் இருக்கிறது. சின்ன வயதில் அந்த இடம் எனக்கு ஒட்டவே இல்லை. இப்போது ஒட்டுகிறது, ஏன் என்று கேட்காதீர்கள்.

ஓரக்குறிப்பு எழுதியது:

@வாளும்_வரைபடமும், நீங்க சொன்னதுலதான் என் கோபத்துக்குப் பேர் கிடைச்சது! எயோவின் மனசு மாறினதுக்காக ஆரகார்னை யாரும் அயோக்கியனாக்கலை. அவன் நல்லவனாவே இருந்தான், அவளுக்குன்னு இல்லை, அவ்வளவுதான். என் கதையில டாம்லினை அப்படி விடலை. புதுசா வந்தவன் உயரமாத் தெரியணும்னு பழையவன் நின்ன இடத்துல குழி தோண்டிட்டாங்க. ஆள் மாறினது கூட எனக்குப் பரவாயில்லைன்னு இப்பத் தோணுது.

@பழம்புத்தகம், உள்ளங்கை வலி விஷயம் சுத்தமா மறந்தே போச்சு. அந்தப் பக்கத்துல என்ன கிறுக்கி வச்சிருக்கேன்னு ராத்திரி பார்க்கிறேன். ஆனா விக்கமுக்காக எலிசபெத் உயிரைப் பணயம் வைக்கலையே. கொஞ்சம் பேசினா, சிரிச்சா. இவ மூணு தடவை சாவைப் பார்த்துட்டு வந்திருக்கா. நானும் கூடவே போய்ட்டு வந்தேன்.

மறுவாசிப்பு எழுதியது:

குழி தோண்டினாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். டாம்லினும் அந்த மலைக்கு அடியில கிடந்தவன்தானே? கண் முன்னாடி அவ கழுத்து முறிஞ்சதைப் பார்த்தவன். அப்படிப்பட்டவன் திரும்பி வந்ததும் ‘இனி இவளை யாரும் தொட முடியாத இடத்துல வைக்கணும்’னு நினைக்கிறது அவன் குணத்துக்கு ஒத்துத்தான் வருது. முதல் பாகத்துலயே அவளைக் கேட்காம அவளோட நல்லதுக்குன்னு முடிவெடுத்து மனுஷங்க உலகத்துக்குத் திருப்பி அனுப்பினவன் யாரு? அப்ப அது தியாகமாத் தெரிஞ்சது. அதே குணம்தாங்க, இடம் மாறிடுச்சு.

நிஜமாவே குழி தோண்டின புத்தகம் வேணும்னா டயானா கேபல்டானோட ‘அவுட்லாண்டர்’ (1991) எடுங்க. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட புருஷன் ஃபிராங்க் கூட ஊர் சுத்திப் பார்க்க வந்த நர்ஸ் கிளேர், 1743க்குப் போய் விழறா, அங்கே ஜேமியைக் கல்யாணம் பண்ணிக்கிறா. ஃபிராங்க் ஒரு தப்பும் பண்ணலை. அப்புறம் எப்படி நம்மளை ஜேமி பக்கம் இழுக்கிறது? கதையோட கொடூர வில்லன் ஃபிராங்கோட மூதாதை. அச்சு அசல் ஃபிராங்க் முகம். கிளேரே முதல்ல பார்த்துக் குழம்பிப் போறா. ஜேமியைச் சித்திரவதை பண்ற முகமும் அவ திரும்பிப் போக வேண்டிய முகமும் ஒண்ணு! ஃபிராங்க் மேல ஒரு குத்தமும் சொல்லாம, அவன் முகத்தைப் பார்த்தாலே நமக்கு வயித்தைக் கலக்கிற மாதிரி பண்ணிட்டாங்க. இந்த சாமர்த்தியத்துக்கு முன்னாடி டாம்லின் விஷயம் நேர்மையான கணக்கு.

‘மேட்’ முடிச்சு பத்தி: உங்க எரிச்சல் புரியுது. ஆனா அந்தப் புத்தகத்துக்குள்ளயே ரீஸாண்ட் தன் அப்பா அம்மாவைப் பத்தி என்ன சொல்றான்? அவங்களும் மேட்தான், ஆனா பொருந்தாத ஜோடி. கடைசியில டாம்லினோட நண்பன் லூசியன், ஃபேய்ராவோட அக்கா எலைனைப் பார்த்து நீ என் மேட்ங்கிறான், அவளுக்கோ வேற ஒருத்தனோட நிச்சயம் ஆகியிருக்கு. முடிச்சு இருந்தா போதும்னு ஆசிரியரே நம்பலை. இதே சோம்பேறி முடிச்சைத் திட்டணும்னா ‘ட்வைலைட்’ நாலாம் பாகம் (2008) இருக்கு. மூணு பாகமா நாயகி பெல்லாவுக்காக ஏங்கின ஜேக்கபை, அவ பெத்த குழந்தை மேலயே விதி முடிச்சைப் போட்டுச் சமாதானப்படுத்தி அனுப்பினாங்க. அந்தப் பக்கத்துக்கு உங்க பென்சில் போதாது.

சும்மா_எட்டிப்பார்த்தேன் எழுதியது:

மூணாம் பாகம் படிக்காம டாம்லினுக்குத் தீர்ப்பு எழுதாதீங்க. இதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேன்.

நுணுக்கம் எழுதியது:

கேள்விக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதில் வந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ரீஸாண்டுக்கும் ஃபேய்ராவுக்கும் நடப்பதை ‘ஊடல்’ என்றீர்கள். அது வாய்ச்சண்டை. ஊடல் வேறு.

திருக்குறள் முடிவதே ஊடலில்தான். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று கடைசி மூன்று அதிகாரமும் அதற்கே. 132ஆம் அதிகாரத்தில் ஒருவன் தும்முகிறான். அவள் வழக்கம்போல் வாழ்த்துகிறாள். உடனே, யார் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். சரி, வேண்டாம் என்று அடுத்த தும்மலை அவன் அடக்குகிறான். உம்மவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகை! அவன் என்ன செய்தாலும் குற்றம். ஆனால் இருவருமே அந்த இடத்தை விட்டு நகர நினைக்கவில்லை. ஏற்கெனவே ஒன்றானவர்கள், உரிமை உள்ளவர்கள். அதனால்தான் அது இனிக்கிறது.

எதிரியாகத் தொடங்கிக் காதலாகிற கதைகளில் முதல் பாதிச் சண்டைக்கு அந்த உரிமை இன்னும் வந்திருக்காது. அது உறவுக்கு முந்திய சண்டை. சரி, டாம்லினோடு நடந்தது ஊடலா? அதுவும் இல்லை. ஊடுகிறவளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போக வழி இருக்க வேண்டும். கதவைப் பூட்டியவனிடம் யாரும் ஊட முடியாது, அவனிடம் அடைபட்டுத்தான் கிடக்க முடியும்.

அந்தப் புத்தகத்தில் ஊடல் என்று நான் ஒப்புக்கொள்வது ஒரே இடம். மேட் என்பதை ரீஸாண்ட் மறைத்துவிட்டான் என்று சூரியெல் என்ற உண்மை சொல்லும் விசித்திரப் பிராணியின் வாயால் தெரிந்ததும், அவனோடு பேச மாட்டேன் என்று மலைக்குடிலுக்குப் போய்த் தனியாக இருக்கிறாளே, அது. அவன் போக விடுகிறான். உடனே பின்னால் ஓடி வரவில்லை. நீங்கள் தலையாட்டிய 54ஆம் அத்தியாயம் அதற்குப் பிறகுதான் வருகிறது. நீங்கள் ஏமாந்து தலையாட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஓரக்குறிப்பு எழுதியது:

முதல் பாகத்தை நேத்து ராத்திரி எடுத்து உட்கார்ந்தேன், முடிக்க ரெண்டு மணி ஆச்சு.

விசை சோதனைப் பக்கத்துல ஒண்ணுமே எழுதலை. அவ்வளவு பரபரப்பா ஓடியிருக்கேன் போல. உள்ளங்கை வலி அங்கேதான் இருக்கு, பழம்புத்தகம் சொன்ன மாதிரியே.

ஆனா கடைசிக்கு முந்தி ஒரு இடம். எல்லாம் முடிஞ்சு, அவ உயிர் திரும்பினப்புறம், ரீஸாண்ட் விடைபெற வர்றான். பேசிக்கிட்டே இருக்கிறவன் திடீர்னு அவ முகத்தைப் பார்த்து வெலவெலத்து, தடுமாறி, ஒரு வார்த்தை சொல்லாம மறைஞ்சு போயிடறான். ஏன்னு அந்தப் புத்தகத்துல விளக்கமே இல்லை. ரெண்டாம் பாகம் படிச்சவங்களுக்குத் தெரியும், அந்த முடிச்சு விழுந்தது அவனுக்கு உறைச்ச நொடி அது. அந்தப் பத்திக்குப் பக்கத்துல என் கையெழுத்துல ஒரு கேள்விக்குறி. போட்டதே எனக்கு ஞாபகம் இல்லை. ஆக ஆசிரியர் முன்னாடியே விதைச்சுத்தான் இருக்காங்க, நானும் பார்த்துத்தான் இருக்கேன். அப்புறம் அழுத அழுகையில மறந்துட்டேன்.

@நுணுக்கம், ‘ஊடல்’ங்கிற வார்த்தையை வாபஸ் வாங்கிக்கிறேன். பூட்டின கதவு பத்தி நீங்க எழுதினதைப் படிச்சதுக்கப்புறம் டாம்லினுக்காக வாதாட வாய் வரலை. @மறுவாசிப்பு, அவளைத் திருப்பி அனுப்பின இடத்துல நான் “எவ்வளவு பெரிய மனசு” னு எழுதி வச்சிருக்கேன். அதைப் பார்த்துட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

“இவன்தான்”ஐ அழிக்கலை. அந்தப் பாட்டு எழுதினவன் அன்னிக்கு அவன்தான், அதுல பொய் இல்லை. வேற ஒரு பக்கத்துலதான் ரப்பர் வச்சேன். கடைசிச் சோதனைக்கு முன்னாடி ராத்திரி, கூட்டத்துக்கு நடுவுல அவனுக்கும் அவளுக்கும் கொஞ்ச நேரம் தனிமை கிடைக்குதே, அவளைத் தப்பிக்க வைக்க ஒரு வழி பேசாம முத்தம் கொடுத்தே நேரத்தைக் கழிப்பானே, அந்த இடம். அங்கே நான் வரிசையா மூணு ஹார்ட் வரைஞ்சு வச்சிருந்தேன். அழுத்தித் தேச்சதுல தாள் லேசாக் கிழிஞ்சுடுச்சு.